2 ரெயில்வே மந்திரிகளை தந்த செங்கல்பட்டு: மாமல்லபுரத்துக்கு மட்டும் இன்னும் ரெயில் வரவில்லை

செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில் இறங்கி மாமல்லபுரம் போக வேண்டும் என்றால் வெளியே வந்து பஸ் பிடிக்க வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோ மீட்டர். உலகமே வந்து பார்க்கிற ஊருக்கு தண்டவாளம் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் செங்கல்பட்டு தொகுதி மக்கள் ஓட்டு போட்டு அனுப்பியவர்களில் 2 பேர் டெல்லியில் ரெயில்வே மந்திரிகளாகவே இருந்தவர்கள். ஒருவர் துணை மந்திரி, இன்னொருவர் இணை மந்திரி. 2 பேருக்கும் இடையே 50 வருட இடைவெளி. அதற்குள் தொகுதியின் பெயரே போய் விட்டது. செங்கல்பட்டு என்று ஒரு பாராளுமன்ற தொகுதி இப்போது இல்லை. 2009-ம் ஆண்டில் இருந்து அது காஞ்சீபுரம் (தனி) தொகுதி.

அழகேசனும் அரியலூர் விபத்தும்

நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1952-ல் நடந்து முடிந்தது. செங்கல்பட்டில் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தவர் ஓ.வி.அழகேசன். அச்சிறுபாக்கம் பக்கம் உள்ள ஒரத்தி கிராமத்துக்காரர். அரசியல் சட்டத்தை எழுதிய நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். நேரு மந்திரிசபையில் அவருக்கு ரெயில்வே துணை மந்திரி பதவி கிடைத்தது. அப்போது ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி.

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்று பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. கொட்டிய மழையில் ஆற்று வெள்ளம் பாலத்தை அரித்து விட்டது. 140-க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். சாஸ்திரி பொறுப்பு ஏற்று பதவியை ராஜினாமா செய்தார். நாடு முழுக்க அவருக்கு நல்ல பெயர். இன்று வரை அதை எடுத்துச் சொல்லாத மேடை கிடையாது.

ஆனால் துணை மந்திரியின் நிலைமை வேறு. அடுத்த சில மாதங்களில் தேர்தல். அழகேசன் சொந்த ஊருக்கு வந்து ஓட்டு கேட்க வேண்டியிருந்தது. விபத்து நடந்ததும் தமிழ்நாட்டில், செத்தவர்களும் நம்ம ஊர் ஜனங்கள். முதல் முறையாக தேர்தலில் குதித்த தி.மு.க. இதை விடவில்லை. "ஆண்டது", "மாண்டது" என்று 2 வார்த்தைகளை எதுகையாக வைத்து, அழகேசனை நேராக பெயர் சொல்லி கேட்கிற மாதிரி ஒரு கோஷம் போட்டார்கள். 70 வருடம் ஆகப் போகிறது. பழைய கட்சிக்காரர்களிடம் கேட்டால் இப்போதும் அதை ராகத்தோடு சொல்வார்கள்.

அழகேசன் 1957-ல் தோற்றார். ஜெயித்தவர் டாக்டர் ஏ.கிருஷ்ணசாமி. எந்த கட்சி சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். நீதிக்கட்சி தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியாரின் மகன். இந்த தொகுதியில் சுயேச்சை ஒருவர் ஜெயித்தது அந்த ஒரு முறை தான்.

கிருஷ்ணசாமி புது ஆளும் இல்லை. 1952-ல் பக்கத்தில் இருந்த காஞ்சீபுரம் பாராளுமன்ற தொகுதியில் காமன்வீல் கட்சி சார்பில் ஜெயித்தவர். மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் வன்னியர்கள் தொடங்கிய கட்சி அது. 1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனபோது மாணிக்கவேலு நாயக்கரையும் மந்திரி ஆக்கினார். அதோடு அந்த கட்சி கரைந்து போனது. 1957 தேர்தலில் காஞ்சீபுரம் என்ற பாராளுமன்ற தொகுதியும் இல்லை. அந்த பெயர் திரும்பி வர 52 வருடம் ஆனது.

ராஜினாமா, மறுபடி தோல்வி

1962-ல் அழகேசன் மீண்டும் செங்கல்பட்டில் ஜெயித்தார். அதே தேர்தலில் தான் காஞ்சீபுரம் சட்டசபை தொகுதியில் அண்ணா தோற்றுப் போனார். சொந்த ஊரில் அவரை தோற்கடித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி.நடேச முதலியார். தி.மு.க. மாநிலத்தில் வளர்ந்து கொண்டிருந்த நேரத்தில் கட்சித் தலைவரின் ஊர் காங்கிரசுக்கு கை கொடுத்தது.

அழகேசன் மறுபடி மத்திய மந்திரி ஆனார். இந்த முறை பெட்ரோலியம், ரசாயன துறை. 1965-ல் இந்தி எதிர்ப்பு போராட்டம் வெடித்தது. துப்பாக்கி சூடு, தீக்குளிப்பு என்று தமிழ்நாடு கொந்தளித்தது. பிப்ரவரி 11-ந் தேதி சி.சுப்பிரமணியமும் அழகேசனும் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். அப்போது பிரதமர் யார் என்றால் அதே சாஸ்திரி. ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் அந்த ராஜினாமாக்களை ஏற்கவில்லை. ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வாக்குறுதி கொடுத்த பிறகு 2 பேரும் பதவியில் தொடர்ந்தார்கள்.

ராஜினாமா கடிதம் கொடுத்ததற்காக ஓட்டு விழும் என்று காங்கிரசில் யாராவது நினைத்து இருந்தால் அது நடக்கவில்லை. 1967-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியையே இழந்தது. செங்கல்பட்டு தி.மு.க. கைக்கு போனது.

ஜெயிலில் அடி வாங்கிய எம்.பி.

1967, 1971 என்று 2 முறையும் ஜெயித்தவர் சி.சிட்டிபாபு. சென்னை மேயராகவும் இருந்தவர். செங்கல்பட்டு எம்.பி.க்களிலேயே தமிழ்நாடு முழுக்க அதிகம் பேசப்படும் பெயர் இவருடையது தான்.

நெருக்கடி நிலையின் போது 1976-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் தி.மு.க.வினர் கூட்டம் கூட்டமாக சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். மு.க.ஸ்டாலின் அதில் ஒருவர். எம்.பி.யாக இருந்த சிட்டிபாபுவும் உள்ளே போனார். சிறையில் ஸ்டாலின் மீது விழ வேண்டிய அடிகளை குறுக்கே பாய்ந்து சிட்டிபாபு வாங்கினார் என்பது தி.மு.க. மேடைகளில் இன்றும் சொல்லப்படும் சம்பவம். 1977-ல் அவர் இறந்து போனார். சிறையில் நடந்த தாக்குதல் பற்றி நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரணை நடத்தியது. சிறையில் அவர் எழுதிய டைரி பிறகு புத்தகமாகவும் வந்தது.

ஒரு தொகுதியின் எம்.பி. பதவியில் இருக்கும் போதே விசாரணை இல்லாமல் ஜெயிலில் கிடந்தார். அவருக்கு ஓட்டு போட்ட மதுராந்தகம் விவசாயிக்கோ, காஞ்சீபுரம் தறிக்காரருக்கோ கேள்வி கேட்க ஆள் இல்லை. அடுத்த தேர்தல் 1977 மார்ச்சில் வந்த போது கணக்கே மாறிப் போயிருந்தது. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. காங்கிரசோடு சேர்ந்து நின்று ஆர்.மோகனரங்கத்தை ஜெயிக்க வைத்தது. வட இந்தியா முழுக்க இந்திரா காந்தியை தூக்கி எறிந்த தேர்தலில் தமிழ்நாடு அவரது கூட்டணிக்கு ஓட்டு போட்டது.

அலை எந்த பக்கமோ...

அதற்கு பிறகு செங்கல்பட்டு கூட்டணி அலையோடு சேர்ந்தே போனது. 1980-ல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கைகோர்த்தன. காங்கிரசின் இரா.அன்பரசு ஜெயித்தார். 1984-ல் இந்திரா காந்தி கொலை, அமெரிக்க ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் எஸ்.ஜெகத்ரட்சகன் எம்.பி. ஆனார். 1989-ல் அ.தி.மு.க.வின் காஞ்சி பன்னீர்செல்வம்.

1991 மே 21-ந் தேதி இரவு பக்கத்து தொகுதியான ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஜூன் மாதத்துக்கு தள்ளிப் போனது. நடந்த போது அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி 39 இடங்களையும் அள்ளியது. செங்கல்பட்டில் அ.தி.மு.க.வின் எஸ்.எஸ்.ஆர்.ராஜேந்திர குமார். 1996-ல் ஜெயலலிதா ஆட்சி மீதான கோபத்தில் தி.மு.க.வின் கே.பரசுராமன்.

காஞ்சி பன்னீர்செல்வம் 1998-ல் இரண்டாவது முறை ஜெயித்தார். ஆனால் அதிர்ஷ்டம் இல்லை. முதலில் ஜெயித்த 1989 பாராளுமன்றம் 1991-லேயே கலைந்தது. இரண்டாவது முறை இன்னும் மோசம். அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்க, 1999 ஏப்ரல் 17-ந் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 13 மாதத்தில் மறுபடி தேர்தல். 2 முறை ஜெயித்தும் அவர் 5 வருடத்தை ஒரு முறை கூட முழுதாக பார்க்கவில்லை.

மாம்பழம் ஜெயித்த கதை

1999-ல் தொகுதி பா.ம.க.வுக்கு போனது. மாம்பழம் சின்னத்தில் ஏ.கே.மூர்த்தி. அப்போது பா.ம.க. இருந்தது தி.மு.க.-பாரதீய ஜனதா அணியில். 2004-ல் அதே மூர்த்தி, அதே மாம்பழம். ஆனால் இந்த முறை தி.மு.க.-காங்கிரஸ் அணி. மக்கள் 2 முறையும் ஜெயிக்க வைத்தார்கள். மதுராந்தகம், அச்சிறுபாக்கம், உத்திரமேரூர் என்று வன்னியர் ஓட்டு நிறைந்த கிராமங்கள் சூழ்ந்த தொகுதி என்பதால் பா.ம.க. எந்த அணிக்கு போனாலும் அந்த அணிக்கு கூடுதல் பலம்.

இந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவில் தான் ரெயில்வே கதையின் இரண்டாவது அத்தியாயம். 2002 ஜூலையில் வாஜ்பாய் மந்திரிசபையில் மூர்த்தி ரெயில்வே இணை மந்திரி ஆனார். 2004 ஜனவரியில் பா.ம.க. கூட்டணியை விட்டு வெளியேறும் வரை அந்த பதவியில் இருந்தார். சுமார் ஒன்றரை வருடம். அடுத்து வந்த மன்மோகன் சிங் அரசிலும் ரெயில்வே இணை மந்திரி பதவி பா.ம.க.வுக்கே. அது பக்கத்து அரக்கோணம் தொகுதியின் ஆர்.வேலுவுக்கு கிடைத்தது.

மந்திரி நம்ம ஊர் என்றால் ரெயில் தானாக வந்து விடுமா? வராது. புது ரெயில் பாதைக்கு முதலில் சர்வே. பிறகு ரெயில்வே வாரியம், அப்போது இருந்த திட்டக்குழு என்று படியேற வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் பெயர் வந்தாலும் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு பணம் ஒதுக்குகிறார்கள் என்பதில் தான் விஷயம் இருக்கிறது. நிலத்தை எடுத்து கொடுப்பது மாநில அரசின் வருவாய்த்துறை வேலை. இணை மந்திரி கோப்பை நகர்த்தலாம், நினைவுபடுத்தலாம். கையெழுத்து வேறு இடத்தில் இருக்கிறது.

சென்னை பெருங்குடியில் இருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாக கடலூர் வரை சுமார் 180 கிலோ மீட்டருக்கு புதிய பாதை என்ற திட்டம் 2008-09 ரெயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்தது. மூர்த்தி பதவியை விட்டு 4 வருடம் கழித்து. அந்த நேரத்தில் கிழக்கு கடற்கரை சாலை ஓரத்தில் நிலத்தின் விலை ஏறிக் கொண்டே இருந்தது. ஓட்டல், பொழுதுபோக்கு பூங்கா, பண்ணை வீடு என்று கடற்கரை நிரம்பியது. தாமதிக்க தாமதிக்க நிலம் எடுக்கும் செலவு கூடும் என்பதை சொல்ல பெரிய நிபுணர் தேவை இல்லை. திட்டம் அறிவித்து 15 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த பாதையில் ரெயில் ஓடவில்லை.

இதற்கு நடுவில் 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சாலைகள் பளபளத்தன, சுவர்களில் ஓவியம் ஏறியது. கல் உளி பிடிக்கிற சிற்பிக்கும், தேவனேரி, கொக்கிலமேடு மீனவருக்கும், கல்பாக்கம் பக்கம் ஒப்பந்த வேலைக்கு போகிறவருக்கும் மட்டும் எப்போதும் போல பஸ் தான்.

பெயர் போனது எப்படி?

2001 மக்கள் தொகை கணக்கை வைத்து நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான கமிஷன் தொகுதி எல்லைகளை புதிதாக வரைந்தது. எந்தெந்த தொகுதியில் தாழ்த்தப்பட்ட மக்களின் விகிதம் அதிகமோ அவை தனித்தொகுதி ஆகும். தமிழ்நாட்டில் அப்படி 7 பாராளுமன்ற தனித்தொகுதிகள். அதுவரை தனித்தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுத்தொகுதி ஆனது. செங்கல்பட்டு கலைக்கப்பட்டு காஞ்சீபுரம் (தனி) உருவானது.

உள்ளே இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் பழையவை தான். செங்கல்பட்டு, திருப்போரூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சீபுரம் சட்டசபை தொகுதிகள் அப்படியே தொடர்ந்தன. அச்சிறுபாக்கம் போய் செய்யூர் வந்தது. வடக்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி அடுக்குமாடி குடியிருப்புகள். தெற்கே செய்யூர் பக்கத்து கடற்கரை கிராமங்கள். 2024 தேர்தலில் 17 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள்.

கிராமத்து தொகுதி என்று பெயர் எடுத்த இடம் பாதி நகரம் ஆகி விட்டது. ஏரி பாசனம், பாலாற்று மணல், நெசவு கூலி என்று பேசிய தேர்தல் மேடைகளில் மறைமலைநகர் ஆலை வேலையும் ஒரு விஷயம் ஆனது. போர்டு கார் கம்பெனி 2021 செப்டம்பரில் மூடுவிழா அறிவித்த போது அந்த பகுதியில் கலங்காத தொழிலாளி குடும்பம் இல்லை. 2022-ல் உற்பத்தி நின்றது. திரும்ப வரப் போவதாக 2024-ல் அந்த கம்பெனி மாநில அரசுக்கு கடிதம் கொடுத்தது. வேலை போனவர்களில் பலருக்கு அதற்குள் வயது கூடி விட்டது.

பெயர் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று 2 ஆக பிரிந்த போது மாவட்டத்தின் பெயர் போனது. 2009-ல் பாராளுமன்ற தொகுதியின் பெயர் போனது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் திரும்ப வந்தது, தொகுதி வரவில்லை. அதனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மாமல்லபுரத்துக்காரருக்கு எம்.பி. என்றால் காஞ்சீபுரம் எம்.பி. தான். ஓட்டு எண்ணுவதும் காஞ்சீபுரத்தில்.

உத்திரமேரூர் கல்வெட்டு சொல்வது

தேர்தல் என்றாலே இந்த தொகுதியில் உத்திரமேரூரை சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 வருடத்துக்கு முன்பு கோவில் சுவரில் வெட்டிய கல்வெட்டு. 30 குடும்பு, அதாவது வார்டு. பெயரை ஓலையில் எழுதி குடத்தில் போட்டு குலுக்கி எடுக்கும் குடவோலை முறை. பதவி 360 நாள் மட்டும். கணக்கு காட்டாதவர் நிற்க முடியாது. அவரது சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்ற கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய போது பிரதமர் மோடி இந்த கல்வெட்டை குறிப்பிட்டு பேசினார்.

மேடையில் பெருமையாக பேசுபவர்கள் ஒன்றை மட்டும் விட்டு விடுவார்கள். அந்த தேர்தலில் நிற்க கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்து இருக்க வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்தவனின் ஓலை குடத்துக்குள் விழ வழியே இல்லை. அதே உத்திரமேரூர் இன்று தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டுமே எம்.பி. தேர்தலில் நிற்க முடிகிற தொகுதிக்குள் இருக்கிறது. கல்வெட்டு எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து இருக்க மாட்டார்கள்.

தனித்தொகுதி ஆன பிறகு

2009-ல் காங்கிரசின் பெ.விஸ்வநாதன் சுமார் 13 ஆயிரம் ஓட்டில் தப்பித்தார். 2014-ல் அ.தி.மு.க.வின் மரகதம் குமரவேல், தி.மு.க.வின் க.செல்வத்தை 1 லட்சத்து 46 ஆயிரம் ஓட்டில் தோற்கடித்தார். இதுவரை இந்த தொகுதியின் ஒரே பெண் எம்.பி. அவர் தான். 2019-ல் அதே இருவர் மோதினார்கள். இந்த முறை செல்வம் 2 லட்சத்து 86 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் பழி தீர்த்தார். 2024-ல் மீண்டும் செல்வம். வித்தியாசம் 2 லட்சத்து 21 ஆயிரம். பாரதீய ஜனதா அணியில் தனியாக நின்ற பா.ம.க. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு பிரித்தது.

பொதுத்தொகுதி போனதால் பழைய எம்.பி.க்கள் வேறு ஊர் தேட வேண்டி வந்தது. மூர்த்தி 2009-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு போய் டி.ஆர்.பாலுவிடம் தோற்றார். 2019-ல் அரக்கோணம் போனார். அங்கே எதிரில் நின்றவர் யார் தெரியுமா? 1984-ல் செங்கல்பட்டில் அ.தி.மு.க. எம்.பி.யாக இருந்து, பிறகு தி.மு.க.வுக்கு போன ஜெகத்ரட்சகன். அதாவது 2 முன்னாள் செங்கல்பட்டு எம்.பி.க்கள் அரக்கோணத்தில் மோதினார்கள். ஜெகத்ரட்சகன் ஜெயித்தார். பழைய அழகேசனும் 1977-ல் அரக்கோணத்தில் நின்று தான் டெல்லி போனார். செங்கல்பட்டு-அரக்கோணம் ரெயில் பாதையில் சரக்கை விட அரசியல்வாதிகள் அதிகம் போயிருக்கிறார்கள் என்று கிண்டலாக சொல்லலாம்.

3-வது முறை யாரும் இல்லை

செங்கல்பட்டு, காஞ்சீபுரம் 2 பெயரையும் சேர்த்தால் 18 தேர்தல். அ.தி.மு.க. 6, தி.மு.க. 5, காங்கிரஸ் 4, பா.ம.க. 2, சுயேச்சை 1. அழகேசன், சிட்டிபாபு, காஞ்சி பன்னீர்செல்வம், மூர்த்தி, செல்வம் ஆகிய 5 பேர் தலா 2 முறை ஜெயித்தார்கள். 3 முறை ஜெயித்தவர் ஒருவர் கூட கிடையாது.

எல்லையும் எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2027-ஐ மையமாக வைத்து மக்கள் தொகை கணக்கெடுப்பு நடத்த மத்திய அரசு 2025-ல் அறிவிப்பு வெளியிட்டது. அதன் பிறகு தொகுதி மறுவரையறை வந்தால் கூடுவாஞ்சேரி, திருப்போரூர் பக்கம் பெருகி விட்ட ஜனத்தொகைக்கு ஏற்ப கோடு மாறலாம். செங்கல்பட்டு என்ற பெயர் திரும்ப வரலாம், தனித்தொகுதி வேறு ஊருக்கு போகலாம்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்சார ரெயிலில் வந்து செங்கல்பட்டில் இறங்குகிறவர்கள், கொளவாய் ஏரியை ஒரு பார்வை பார்த்து விட்டு, மாமல்லபுரம் பஸ் எந்த பக்கம் நிற்கும் என்று விசாரித்து தான் கடற்கரைக்கு போக வேண்டும்.